அத்தை கஞ்சி குடித்த சாயங்காலம்

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊரே மூட்டை கட்டிக்கொண்டு மதராஸை விட்டு ஓடிய யுத்த காலம் அது. மயிலாப்பூரில் பாதி வீடுகளில் பூட்டு தொங்கியது. நாங்கள் போகவில்லை. ரங்கூனில் வேலையிலிருந்த என் கொழுந்தனார் காட்டு வழியாக நடந்து வருகிறார் என்று யாரோ சொல்லியனுப்பியிருந்தார்கள். பிள்ளை வரும்போது வீடு பூட்டிக் கிடக்கக் கூடாது என்று என் மாமியார், நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன், ஒற்றைக் காலில் நின்றார்.

அதோடு விட்டாரா? உபவாசம் ஆரம்பித்தார். முதலில் மத்தியானச் சாப்பாடு போயிற்று, பிறகு ராத்திரிச் சாப்பாடும். முழங்கால் வீங்கியும் முழங்காலிலேயே நின்று ஜெபம் பண்ணிக்கொண்டு கிடந்தார். "நான் ஒரு வாய் சாப்ட்டா அங்க அவன் கால் சறுக்கிடும்டி" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிள்ளையை இந்த அம்மாள் கயிறு கட்டியா இழுக்கிறாள்? பயமாகவும் இருந்தது. சுவரைப் பிடித்துத்தான் நடந்தார். பிள்ளை வருமுன் தாய் போய்விடுவாள் போலிருந்தது.

சாயங்கால ஜெபத்தை எங்கள் வீட்டில் ஆளுக்கொரு நாள் நடத்த வேண்டும். வம்பென்றால் என் வாய் ஓயாது, ஜெபமென்றால் ஒட்டிக்கொள்ளும். அன்று என் முறை. நெட்டுருப் போட்டு வைத்திருந்தேன். கண்ணை மூடினால், பக்கத்தில் அத்தையின் உடம்பு நடுங்குவது பாய் வழியாகவே தெரிந்தது. நெட்டுரு எல்லாம் பறந்தது. அழுகையும் கோபமுமாக வாயில் வந்ததைச் சொன்னேன்.

"ஆண்டவரே, எங்களால முடியல. அத்தையாலயும் முடியல. கொழுந்தனாரு உம்ம பிள்ளைதானே, நீரே கூட்டிக்கினு வாரும். ஆமென்."

என் வீட்டுக்காரர் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். தொலைந்தோம் என்று நினைத்தேன். அத்தை மெல்லத் தலையைத் தூக்கினார்.

பிறகு, "ஆமென்" என்றார். "கஞ்சி கீதாடி?"

பருப்புத் துவையலோடு இரண்டு கிண்ணம் குடித்தார். குடித்த இடத்திலேயே படுத்து, விடியும்வரை குறட்டை. எனக்கு அப்பாடா என்றிருந்தது. மறுநாளும் சாப்பிட்டார், ஜெபம் பண்ணினார், தூங்கினார்.

மழைக்காலத்துக்கு முன் கொழுந்தனார் வந்து சேர்ந்தார், தாடியும் எலும்புமாக. தாயைக் கட்டிக்கொண்டு அழுதார். "எனக்காகப் பட்டினியே கிடந்தீங்களாம்மா?"

அத்தைக்குப் பொய் வராது. "கொஞ்ச நாள் கிடந்தேன்டா. அப்பறம் முடியல. கஞ்சியக் குடிச்சிட்டுத் தூங்கிட்டேன்." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தூங்காம உன்னக் கூட்டிக்கினு வந்தது நான் இல்லப்பா."