மூன்று மணிப் பட்டியல்

அல்மாஸ் எதையும் அழிக்க மாட்டாள். ஷாதிபூரில் எங்கள் சின்ன அலுவலகத்தில் எனக்கு எதிர் மேசை. மீன்பிடிப் படகுகள் இருக்கும் இடத்தைக் காட்டும் புரோகிராம் அவள் எழுதியது. படகிலுள்ள கருவியிலிருந்து இடத்தைச் சொல்லும் ஒரு குறிப்பு வந்தால் புரோகிராம் பழைய பட்டியலைத் தொடாது. புதுக் குறிப்பைச் சேர்த்துப் புதுப் பட்டியல் உண்டாக்கும், பழையது அப்படியே இருக்கும்.

"நேத்து மூணு மணிக்கு நமக்கு என்ன தெரியும்னு கேட்டா, என்னைக்கும் ஒரே பதில் வரணும்ணே" என்பாள். இடத்தை அடைக்கிறதே என்று நான் முணுமுணுத்தால், மாறாத பகுதியை எல்லாப் பட்டியலும் பொதுவாக வைத்துக்கொள்ளும் என்று வகுப்பெடுப்பாள். பிடிவாதக்காரி.

போன செப்டம்பரில் அவள் அண்ணன் அப்ஸல் மாயாபந்தரிலிருந்து தனியாகக் கடலுக்குப் போனார். மூன்று மணிப் பட்டியலில் அவர் படகு கரையிலுள்ள ஜெட்டியை நோக்கித் திரும்பியிருந்தது. அதன் பிறகு காற்று பிடித்துக்கொண்டது. நாலு பத்துக்கு ஒரு குறிப்பு வந்தது. படகு தெற்கே வெகுதூரம் அடித்துப் போயிருந்தது. நாலு பன்னிரண்டுக்கு இன்னொன்று வந்தது, படகு வடக்கே என்று. அல்மாஸ் உடனே போன் போட்டு, தேடக் கிளம்பியவர்களை வடக்கே அனுப்பினாள்.

அந்த வடக்குக் குறிப்பு மதியம் ஒன்றரைக்கு எழுதப்பட்டது. சிக்னல் கிடைக்காமல் படகிலேயே தேங்கிக் கிடந்து, கடைசியில் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு குறிப்பிலும் கடலில் எழுதிய நேரம் உண்டு. அவளோ வந்து சேர்ந்த நேரப்படி அடுக்கியிருந்தாள். கப்பலில் வாரக்கணக்கில் பழசாகி வரும் பத்திரிகையைப் படித்து வளர்ந்த தீவுக்காரிக்கு அது தோன்றாமல் போனதே என்று எனக்கு இன்றும் ஆற்றாமைதான். தப்பைக் கண்டுபிடித்தபோது இருட்டிவிட்டது. இரண்டு நாள் கழித்து, தெற்கே கவிழ்ந்த படகு மட்டும் கிடைத்தது.

அடுக்கும் முறையை அவள் அன்றே மாற்றி, சரிசெய்த பட்டியல் ஒன்றும் போட்டாள். ஆனால் நாலு பன்னிரண்டின் பட்டியல், அவள் வகுத்த விதிப்படியே, இருந்த இடத்தில் இருந்தது.

அவருக்கான நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்த மறுவாரம் அப்ஸலின் மனைவி ஷாஹிதா அலுவலகத்துக்கு வந்தாள். மத்தியான வேளை.

"ஏன் எல்லாரும் வடக்கே போனாங்க அல்மாஸ்? சச் சொல்லு, உண்மையச் சொல்லு."

அல்மாஸ் என்னைப் பார்த்தாள். சரிசெய்த பட்டியலை மட்டும் காட்டு என்று கண்ணாலேயே சொன்னேன். அதில் எல்லாம் ஒழுங்காக இருக்கும், யார் மேலும் பழி வராது. கோழைத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

அவள் நாலு பன்னிரண்டைத் திறந்தாள்.

"நான்தான் அனுப்புனேன் மதினி. தெக்கேன்னு சொன்ன குறிப்பு ரெண்டு நிமிசம் முன்னாடியே வந்திருச்சு. பழசைப் புதுசுன்னு எடுத்துக்கிட்டேன்."

ஷாஹிதா நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அதுக்கு முன்னாடி?"

அல்மாஸ் மூன்று மணிப் பட்டியலைத் திறந்தாள்.

"இதுல வந்துக்கிட்டு இருக்காரா?"

"ஆமா மதினி."

"இது மாறாதா?"

"மாறாது."

"டீக் ஹை, சரி. இத மட்டும் காட்டு."

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை தவறாமல் வருகிறாள். அல்மாஸோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை. மூன்று மணிப் பட்டியலில் அப்ஸலின் படகைக் காட்டும் புள்ளி கரையைப் பார்த்து நிற்கிறது. பார்த்துவிட்டு எழுந்து போகிறாள். எனக்கு அந்தப் பக்கம் திரும்பவே பயமாக இருக்கிறது.

அவள் படியிறங்கியதும் அல்மாஸ் ஒவ்வொரு பட்டியலாக முன்னே நகர்த்தி, புள்ளி தெற்கே இருக்கும் நாலு பத்தில் நிறுத்துகிறாள். போனைக் கையில் எடுத்து வைத்துக்கொள்கிறாள்.