வெள்ளிப் பேனா வட்டம்

அப்பா இறந்து இரண்டு வருடம் ஆன பிறகும், ஆம்பூரில் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு அவர் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. உங்களுக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும். ஆனால் அது பேய்க்கதை இல்லை.

அப்பா ஷூ கம்பெனியில், வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸில் இருந்தவர். ஷிப்ட் முடிந்ததும் எந்த ஊர் வண்டி எந்த கேட்டில் நிற்கிறது என்று மைக்கில் சொல்வார். தினமும் எதற்குத் தொண்டை கட்ட வேண்டும் என்று மாமா ஒருநாள் அதைப் பதிவு செய்து, ஐந்தரைக்குத் தானாக ஒலிக்கும்படி கம்பெனி சர்வரில் போட்டுவிட்டார். மாமா என் அம்மாவின் தம்பி. அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை.

“ஆலங்காயம் வண்டி ரெண்டாவது கேட்டு. நாட்றம்பள்ளி வண்டி மூணாவது கேட்டு. ஓடாதீங்கம்மா, வண்டி யாரையும் உட்டுட்டுப் போவாது.”

அப்பா போன பிறகும் அதை யாரும் மாற்றவில்லை.

அம்மாவுக்கும் அதே கம்பெனியில்தான் வேலை. வீட்டில் யாரும் இல்லாததால், பள்ளிக்கூடம் விட்டதும் மாமாவின் சர்வர் ரூமுக்குப் போய்விடுவேன். மாமா பெரும்பாலும் இருக்க மாட்டார். துணைக்கு சர்வரின் விசிறிச் சத்தம்தான். ஐந்தரைக்காகக் காத்திருப்பேன். அதற்காகக் காத்திருப்பவன் நான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் சர்வர் கரகரவென்று இழுத்தது. உள்ளே ஹார்ட் டிஸ்க்குகள் தேய்ந்துவிட்டன. அவ்வளவு பழைய சர்வருக்குப் புது டிஸ்க் கிடைக்காது என்று, மாமா சென்னையிலிருந்து நாலு பழைய டிஸ்க் வாங்கிவந்தார். நாலும் பூட்டியிருந்தன.

“இன்னா மாமா, சாவி தொலைஞ்சுபோச்சா?”

“பாஸ்வேர்டு பூட்டுடா இது. முன்ன வெச்சிருந்தவன் போட்டுட்டுப் போய்ட்டான். உள்ள கீறத மொத்தமா அழிச்சாதான் தொறக்கும். பேஜார் புடிச்ச வேலை.”

ஒன்றை அழிக்க அரை நாள் ஆனது. முதலில் திறந்த டிஸ்க்கில் சர்வரில் இருந்ததையெல்லாம் நகல் எடுத்தார். சர்வரை நிறுத்தினார். “உங்கப்பா இதுக்குள்ளதான் உக்காந்துனு கீறாரு” என்று சிரித்தபடி அதை மேஜைமேல் வைத்தார். பக்கத்தில் அச்சு அசலாக அதே மாதிரி இன்னும் மூன்று. அந்த மூன்றின் மேலும் வெள்ளிப் பேனாவால் வட்டம் போட்டிருந்தார்.

எதற்கு வட்டம் என்று நான் கேட்கவில்லை. எனக்குத்தான் தெரியுமே! அம்மாவின் வேலையே அதுதான். ஷூ தைக்க வந்த தோலை விரித்துப் பார்த்து, கீறலோ உண்ணி கடித்த தழும்போ இருந்தால் வெள்ளிப் பேனாவால் வட்டம் போடுவாள். அந்த இடத்தில் கட்டிங்காரர்கள் கத்தி வைக்க மாட்டார்கள். வட்டம் போட்டால் தொடக்கூடாது.

அப்பா இருந்த டிஸ்க்கில் மட்டும் வட்டம் இல்லை. மாமா மறந்துவிட்டார் என்று பயந்தேன். அவர் டீக்குப் போன நேரத்தில் நன்றாக அழுத்தி ஒன்றுக்கு இரண்டாக வட்டம் போட்டேன்.

மாமாவின் கணக்கு வேறு. வட்டம் போட்டது இன்னும் திறக்காதது, அழிக்க வேண்டியது. வட்டங்களை எண்ணிப் பார்க்காமல் ஒவ்வொன்றாக எடுத்து அழிக்கப் போட்டார். மறுநாள் நான் போனபோது திரையில் எத்தனை சதவீதம் அழிந்தது என்று ஒரு எண் ஏறிக்கொண்டிருந்தது. எழுபது, எழுபத்தொன்று. எந்த டிஸ்க் என்று தெரியாமலே நானும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் மாமா எல்லாவற்றையும் சர்வரில் மாட்டினார். நாலும் காலி. அதற்குள் கழற்றி வைத்த பழைய டிஸ்க்குகள் உயிரை விட்டிருந்தன. கம்பெனிக் கணக்குகளுக்கு ஆபீஸில் வேறு நகல் இருந்தது. வண்டி அறிவிப்புக்கு இல்லை. மாமா வட்டங்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிறகு என் நகத்தில் ஒட்டியிருந்த வெள்ளி மையைப் பார்த்தார். பேனாவை எடுத்துத் தன் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

அன்றும் ஐந்தரைக்கு வாட்ச்மேன்தான் கேட்டில் நின்று ஊர்ப் பெயர்களைக் கத்தினார். நானும் மாமாவும் கேட்டருகே நிற்க, அம்மா மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.

“சர்வர் ரெடின்னியே, இன்னும் இன்னாடா?”

“என் கைத்தப்புக்கா” என்றார் மாமா. “அழிஞ்சுபோச்சு.”

அம்மா தலையை மட்டும் ஆட்டிவிட்டு ஸ்பீக்கருக்குக் கீழே போய் நின்றாள். தினமும் அறிவிப்பு முடியும்வரை அங்கே நின்றுதான் கூந்தலை அவிழ்த்து முடிவாள். அன்றைக்கு அவிழ்க்கவில்லை, சும்மா நின்றாள். ஆலங்காயம் வண்டி போனது. நாட்றம்பள்ளி வண்டியும் போனது. எங்கள் வீடு கேட்டிலிருந்து ஐந்து நிமிட நடை. எங்களுக்கு எந்த வண்டியும் வேண்டாம்.

“போலாம்மா.”

“இருடா, கூட்டம் போவட்டும்.”

கேட்டில் ஒருவரும் இல்லை. நான் வெள்ளி மை ஒட்டிய விரலை டவுசர் பைக்குள் மறைத்துக்கொண்டு, இவள் ஏன் நகர மாட்டேன் என்கிறாள் என்று எரிச்சலோடு நின்றிருந்தேன்.