முகமாலையில் சகாயம் அக்கா

"அம்மா மோசம் போயிட்டா" என்று சகாயம் அக்காவின் மகள் தொலைபேசியில் சொன்னதும் என் வாயில் முதலில் வந்தது, "எங்க வெடிச்சது?" என்ற கேள்விதான். "இல்லையக்கா. மத்தியானம் சாப்பிட்டிட்டுக் கதிரையில இருந்தவா, நித்திரையிலயே போயிட்டா" என்றாள். அழுகைக்கு முன் எனக்குப் பெருமூச்சு வந்தது. பதினொரு வருடம் கண்ணிவெடி அகற்றியவர், கை கால் குறையாமல், முல்லைத்தீவில் தன் வீட்டிலேயே கண்மூடியிருக்கிறார். அவருடன் வேலை செய்த உங்களுக்கும் அந்த ஆறுதலே முதலில் வந்திருக்கும்.

வன்னியையும் குடாநாட்டையும் இணைக்கும் ஒடுங்கிய நிலம் ஆனையிறவு. அந்த வழியைப் பிடிக்கத்தான் அத்தனை சண்டையும். போரில் இரு தரப்புக்கும் இடையிலான எல்லை முதலில் அங்கே நின்றது. பிறகு வடக்கே முகமாலைக்கு நகர்ந்து, முன்னும் பின்னும் ஆடியது. ஒவ்வொரு நகர்வுக்கும் நிலத்தில் வெடி புதைந்தது. "எல்லை எழும்பிப் போகேக்க ஆக்களையும் கலைச்சுக்கொண்டு போயிட்டுது. வெடியை மட்டும் விட்டிட்டுது" என்பார் அக்கா.

ஒருநாள் காலை, முகமாலையில் நாங்கள் வெடி அகற்றிக்கொண்டிருந்த காணியின் சொந்தக்காரர் முருகேசு ஐயா கிளிநொச்சியிலிருந்து வேலையைப் பார்க்க வந்தார். பற்றைக்குள் தன் கிணற்றுக் கட்டைக் கண்டதும், வெடியுள்ள நிலத்தைச் சுற்றி நாங்கள் நட்டிருந்த சிவப்புக் கட்டைகளைத் தாண்டி உள்ளே நடந்துவிட்டார். பத்தடி போயிருப்பார்.

"ஐயா, காலைத் தூக்காதேங்கோ. நாங்கள் வாறம்." அக்கா கத்தவில்லை. என்னிடம், "அவரிட்டப் போகப் பாதை எடு. அவசரப்படாத" என்றுவிட்டு, கட்டைக்கு இப்பால் நிலத்தில் அமர்ந்தார்.

"காணி ஆர் வாங்கினது ஐயா?"

"என்ர அப்பு."

"அதுக்கு முதல்?"

"பறங்கியன் ஆனையிறவில கோட்டை கட்டினவனாம். பிறகு ஒல்லாந்தன் காவல் போட்டவனாம். ஆனையளை அந்த வழியாலதான் சாய்ச்சுக்கொண்டு போறவங்கள் எண்டு அப்பு சொல்லுவார்."

"அவங்களெல்லாம் இப்ப எங்க?"

"போயிட்டாங்கள்."

"காணி நிக்குதுதானே? நீங்களும் கொஞ்சம் நில்லுங்கோ."

ஐயா சிரித்தே விட்டார். நான் முழந்தாளில் அவரை நோக்கி நகர்ந்து, வெடி இருக்கிறதா என்று மண்ணைச் சுரண்டினேன். அவருடைய இடது குதிக்காலுக்கு ஒரு சாண் தள்ளி ஒரு வெடி இருந்தது. அக்காவுக்குக் கண்ணால் காட்டினேன். அவர் முகம் மாறவில்லை. கிணற்றுத் தண்ணீர் உப்பா, நல்ல தண்ணீரா என்று ஐயாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

மூன்று மணித்தியாலத்தின் பின் ஐயா வெளியே வந்து, நிலத்தில் குந்தி அழுதார். அக்கா அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, வாகனத்துக்குப் பின்னால் போய்க் குனிந்து, சாப்பிட்டதெல்லாம் சத்தி எடுத்தார். நான் மட்டுமே கண்டேன். "எனக்கும் பயம்தான் பிள்ளை. அதைக் காட்டியிருந்தா மனிசன் ஓடியிருக்கும்" என்றார்.

அக்காவின் அடக்கத்துக்கு முருகேசு ஐயா வந்திருந்தார். அந்தக் காணியில் வீடு கட்டி, இப்போது அங்கேதான் இருக்கிறார். "விடிய வளவுக்குள்ளால நடந்துதான் பஸ் எடுக்க வந்தனான். ஒருக்காலும் கீழ பாக்கேல்லை" என்றார்.

அக்கா நடத்திய அணியை இப்போது நான் நடத்துகிறேன். பயந்தவரோடு பேச்சை விடாத பழக்கம், அக்காவிடமிருந்து எனக்கு வந்தது. நேற்று, மூன்று பிள்ளைகளின் தாயான, புதிதாகச் சேர்ந்த ஒருத்தி முதல் வெடியைக் கண்டு உறைந்துபோனாள். கையை எடுக்கச் சொல்லிவிட்டு, "காலமை என்ன கறி வைச்சனீங்கள்?" என்று கேட்டேன். மெல்லக் கையை எடுத்தாள். பிறகு, "கத்தரிக்காய்" என்றாள்.