மட்டையில் படவில்லை

ஒஸ்லோவில் பாதித் தமிழருக்கு என் நண்பனின் சொந்தப் பெயர் தெரியாது. அளாப்பி என்றால்தான் தெரியும். அந்தப் பட்டத்தைச் சூட்டியவன் நான். ஊர் மைதானத்தில், சனம் முழுக்கப் பார்த்திருக்க, மட்டையை நிலத்தில் அடித்துவிட்டுத் தொண்டை கிழியக் கத்திச் சூட்டினேன்.

அளாப்புவது என்றால் விளையாட்டில் கள்ளம் செய்வது. எங்கள் ஒஸ்லோ கிரிக்கெட் அணியில் சென்னைக்காரர் ஒருவர் இருந்தார், கணினி வேலைக்கு வந்தவர். அவருக்கு இந்தச் சொல் விளங்கவேயில்லை. “அழுகுணி ஆட்டம்னு சொல்வோமே, அதுவா சார்?” என்று கேட்டார். ஓம், அதுதான், ஆனால் எங்கள் சொல் ஒருவனில் ஒட்டினால் கழுவினாலும் போகாது என்றேன். சிரித்தார். நண்பனும் சிரித்தான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

நடந்தது இதுதான். எங்கள் ஊரில் நடுவருக்கு வெளியிலிருந்து ஆள் வருவதில்லை. துடுப்பெடுத்தாடும் அணியில் ஆட்டமிழந்து வந்தவன் போய் நடுவராக நிற்க வேண்டும். ஆகவே கையைத் தூக்கி உன்னை வெளியே அனுப்புகிறவன் உன் சொந்த ஆள். அன்று நடுவராக நின்றது என் நண்பன். நான் நாற்பத்தெட்டு ஓட்டம். இன்னும் கொஞ்சம் அடித்தால் இறுதி ஆட்டம் எங்களுக்கு. பந்து என்னைக் கடந்து விக்கெட் காப்பாளரின் கைக்குப் போனது, எதிரணிக்காரர் எல்லோரும் கத்தினார்கள், இவன் விரலைத் தூக்கிவிட்டான். மட்டையில் படவேயில்லை, அளாப்பி என்று நான் கத்தினேன். தோற்றோம். அதற்குப் பிறகு சண்டை நெருங்கி ஊரே கிளம்ப வேண்டி வந்தது. அந்த மைதானத்தில் எங்கள் அணி ஆடிய கடைசி ஆட்டம் அதுவாய்ப் போயிற்று.

இருவரும் தனித்தனி வழியால் நோர்வே வந்து சேர்ந்தோம். ஒஸ்லோவின் ஓரத்தில், பியோர்ண்டாலில் ஒரு பஸ் தரிப்பில் என்னைக் கண்டதும் அவன் கேட்ட முதற் கேள்வி, “இப்பவும் சொல்லு, மட்டையில படேல்லையோ?”

அதன் பிறகு கோடைச் சனிக்கிழமைகள் எல்லாம் அப்படித்தான் போயின. உதைபந்தாட்டத் திடலின் நடுவில் கிரிக்கெட் ஆடுதளப் பாயை விரித்து ஆடி, மழை வந்தால் மரத்தடிக்கு ஓடி, பிளாஸ்கில் கோப்பி குடித்துக்கொண்டு கதைப்போம். இந்தப் பருவத்தில் யார் நன்றாக அடிக்கிறான், தொலைக்காட்சியில் எந்த நடுவர் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தார், முந்தி வேகப் பந்தை வெறுங்காலோடு எப்படி ஆடினோம். எதில் தொடங்கினாலும் கடைசியில் அந்தப் பந்தில்தான் வந்து நிற்கும்.

“சத்தம் கேட்டதடா” என்பான் அவன்.

“அது காச்சட்டையில உரசின சத்தமடா, செவிடா!”

“ரீப்ளே இருந்திருந்தா ஒரு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும் சார்” என்பார் சென்னைக்காரர். நல்ல காலம், இருக்கவில்லை. ஏனென்றால் பந்து மட்டையில் பட்டது. மெல்லத்தான் பட்டது. ஆனால் என் மணிக்கட்டுக்குத் தெரிந்தது. அன்றே தெரிந்தது.

ஒன்றை மட்டும் நான் பார்த்தும் பாராமல் இருந்தேன். ஒஸ்லோவிலும் எங்களுக்கு அதே வழக்கம்தான், ஆட்டமிழந்தவன் நடுவர். ஆனால் தன் முறை வரும்போதெல்லாம் அவன் ஓட்டம் எழுதும் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவான். “டொம்மர் வேலை எனக்குச் சரிவராது” என்பான். நடுவருக்கு நோர்வேஜியச் சொல்லைச் சொல்லிப் பகிடியாக்கிவிடுவான். இவ்வளவு வருடங்களில் ஒரு நாளாவது அவன் நடுவராக நின்றதில்லை.

பிறகு ஒரு கோடையில், லோறென்ஸ்கூக்கில் வாங்கிய வீட்டை விற்றுவிட்டு லண்டனுக்குப் போகப்போவதாகச் சொன்னான். பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கவேண்டுமாம். அந்த ஆண்டுகளில் எத்தனையோ குடும்பங்கள் அப்படிப் போயின. ஆனால் இவனும் போவான் என்று நான் நினைக்கவில்லை. கோபம் பற்றிக்கொண்டு வந்தது. “போ, போய்த் துலை” என்றேன். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் ஒருவரோடும் கதைக்கவில்லை.

அவனுடைய கடைசிச் சனிக்கிழமை மழை. மற்றவர்கள் போய்விட்டார்கள். நனைந்த பாய் பிணப் பாரம், சுற்ற இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு பக்கம் குந்தியிருந்து உருட்டிக்கொண்டு வந்தோம். பாதியில் சொன்னேன்.

“பட்டதடா.”

“என்ன?”

“அண்டைக்கு. மட்டையில பட்டது. எனக்குத் தெரியும்.”

அவன் கையை எடுத்துவிட்டான். பாய் கொஞ்சம் திரும்ப விரிந்தது. ஏசப்போகிறான் என்று நினைத்தேன். ஏசட்டும் என்றும் நினைத்தேன்.

“எனக்கு ஒரு சத்தமும் கேக்கேல்லை” என்றான். “அவங்கள் எல்லாரும் கத்தினாங்கள். பயத்தில கை தானா எழும்பீற்றுது. நீ அளாப்பி எண்டு கத்தேக்கை, ஓம், நான் அளாப்பிதான் எண்டு நினைச்சன். இவ்வளவு காலமும் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டு இருந்தனான்.”

அவன் நனைந்த கையால் முகத்தைத் துடைத்தான்.

“அப்ப நான் குடுத்தது சரியோடா?”

“சரியடா. சரியாத்தான் குடுத்தனீ.”

“சரியோ?” என்று இன்னுமொரு முறை கேட்டான். பிறகு எழுந்து, வெறும் திடலைப் பார்த்து, விரலை மெதுவாக உயர்த்திக் காட்டினான். இருவரும் சேர்ந்து பாயைச் சுற்றிக் காரில் ஏற்றினோம்.

அடுத்த கிழமை போய்விட்டான். அங்கே திடலும் அணியும் நடுவரும் எல்லாம் உண்டு. சனிக்கிழமை தோறும் தொலைபேசி எடுப்பான். இந்தப் பருவம் எப்படி, யார் அடித்தான், யார் பிடியை விட்டான் என்று கேட்பான். தான் அங்கே இப்போது நடுவராக நிற்பதாகவும் சொன்னான். எனக்குச் சந்தோஷம். ஆனால் வழக்கமாக அந்தப் பந்து வருகிற இடம் வந்ததும் இருவரும் பேச்சற்றுப் போவோம். வழக்குத் தீர்ந்துவிட்டது. தீர்த்துவைத்த என்னை நானே ஏசிக்கொள்வேன். சொல்லாமல் விட்டிருக்கவும் கூடாது, சொன்ன பிறகு தாங்கவும் முடியவில்லை.

கோடை முடிகிற ஒரு சனிக்கிழமை, அதே இடத்தில் பேச்சு நின்றது.

“டேய்” என்றான், “ஒருக்காச் சொல்லடா.”

“என்னத்தை?”

“படேல்லை எண்டு.”

“படேல்லையடா” என்றேன். “காச்சட்டையிலதான் உரசினது.”

“சும்மா புளுகாதை. எனக்குச் சத்தம் கேட்டது” என்றான் அவன்.