மேஸ்திரி பேச்சை நிறுத்திய நிமிடம்

மேஸ்திரி வாயைத் திறந்தால் மூட மாட்டார். நாற்பது வருடம் சாரத்தின் மேல் நின்று கத்திக் கத்தி வேலை வாங்கிய தொண்டை அது. அத்தனை உயரத்தில் ஒருநாளும் கால் தவறாதவர், கடைசியில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். எங்கே போய்ச் சொல்வது!

எலும்புக்குள் சிமெண்ட் வைத்துப் புது மூட்டைப் பொருத்த வேண்டும் என்றார்கள். அவருக்கோ ஏற்கெனவே இதயம் பலவீனம். தலைமாட்டில் உட்காரப்போகும் மயக்க மருத்துவர் எதையும் ஒளிக்கவில்லை.

"சிமெண்டை உள்ள அழுத்தும்போது சில பேருக்கு ரத்த அழுத்தம் சட்டுன்னு இறங்கிடும், ஐயா. மூச்சு முட்டும். உயிருக்கே ஆபத்தாயிடலாம். உங்களுக்கு இடுப்புக்குக் கீழதான் மரத்துப்போகும், முழிச்சிட்டுதான் இருப்பீங்க. ஒரு மாதிரியா இருந்தா உடனே சொல்லணும்."

"பேசறதுக்கு எனக்குச் சொல்லித் தரணுமாம்மா?" என்று சிரித்தார்.

சொன்னபடியே படுத்துக்கொண்டு ஓயாமல் பேசினார். திரைக்கு அந்தப் பக்கம் அறுவை மருத்துவர், "சிமெண்ட் போடறோம்" என்று உரக்கச் சொன்னதும் மேஸ்திரிக்குக் கை பரபரத்தது. "கலந்து ரொம்ப நேரம் வைக்காதீங்க டாக்டர், இறுகிடும்!" அறையே சிரித்தது.

அடுத்த நிமிடம் நெஞ்சில் கல்லைத் தூக்கி வைத்தது போலிருந்தது. காற்று போதவில்லை. சொல்லியிருக்க வேண்டும். ஆனால் கையில் கலவை இருக்கும்போது கொத்தனாரைக் கூப்பிடக் கூடாது என்பது அவர் வேலையிடத்தில் சட்டம். மீறியவர்களை எத்தனை முறை வறுத்தெடுத்திருக்கிறார்! 'பாவம், வேலை முடியட்டும்' என்று மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டார். இதைவிட அசட்டுத்தனம் உண்டா?

அந்த அமைதிதான் மயக்க மருத்துவரைத் தூக்கிவாரிப் போட்டது.

"மேஸ்திரி? என்ன, பேச்சையே காணோம்?"

பதில் இல்லை. நிமிடத்துக்கு ஒருமுறை ரத்த அழுத்தத்தை அளக்கும் கருவி அடுத்த எண்ணைக் காட்டும்வரை மருத்துவர் காத்திருக்கவில்லை. "அழுத்தாதீங்க, நிறுத்துங்க!" என்று குரல் கொடுத்தார். ஆக்சிஜனைக் கூட்டினார், ரத்தக்குழாயில் மருந்தை ஏற்றினார். போன மூச்சு மெல்லத் திரும்பியது.

மூன்றாம் நாள், நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு மேஸ்திரி தன் கட்டிலிலிருந்து நேராக மயக்க மருத்துவரின் அறைக்குத்தான் போனார். வழியில் நான்கு முறை நின்று மூச்சு வாங்கினார்.

"எதுக்கு ஐயா இவ்வளவு தூரம்? சொல்லி அனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனே."

"இந்த உசிரு நீங்க கொடுத்ததும்மா. நான் நடந்து வந்து சொல்றதுதான் முறை. இத்தனை வருஷத்துல என் வாயை மூடச் சொல்லாத ஆளே கிடையாது. மூடினதும் பதறிப்போனது நீங்க ஒருத்தர்தாம்மா."