வாய் மூடினால் விரால்

பாசி மூடிய குளத்தில் மற்றவருக்கு மீன் காட்டிப் பிழைப்பவன், மீனைவிட விருந்தாளியின் முகத்தைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருப்பான். இதே தொழிலில் மாட்டிய சகபாவிகளுக்கு இது புரியும்.

தேயிலை விலை படுத்து ஃபாக்டரி நின்றபோது, கூடலூர்ப் பக்கத்து எங்கள் எஸ்டேட் பங்களாவுக்கு விருந்தாளிகளை வரவழைத்தார்கள். அவர்களைப் படகில் கூட்டிப்போய்க் குளத்து விராலைப் பிடிக்க வைக்கும் வேலை எனக்கு. "மாசக் கடைசிக்குள்ள யாராவது ஒரு மீன் புடிக்கணும். இல்லைன்னா படகை ஏத்திக் கட்டிட்டு நீ ஊட்டுக்குப் போயிரு" என்றார் மேனேஜர்.

சேவல்

பாசிமேல் விராலுக்கு வீசுவது, தூண்டில் முள்ளில் இறகைக் கட்டிச் செய்த பொய்த் தவளை. இறகுக்காக, பக்கத்துத் தொழிலாளர் லைன் வீட்டுச் சேவலிடம் அடிக்கடி போனேன். வாலில்லாத சேவலைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருநாள் அந்த வீட்டுக்காரரே வந்துவிட்டார்.

"ஏனுங்க, மிச்சத்தையும் நீங்களே வெச்சுக்கறீங்களா?"

இழுங்க

விரால் தவளையைக் கவ்வியதும் இழுக்கக் கூடாது. அது வாயை மூடித் திரும்பும்வரை பொறுக்க வேண்டும். எனக்கு இது நன்றாகத் தெரியும். ஆனால் இருபது வருஷம் ஃபாக்டரியில் தேயிலை காயவைக்கும் ட்ரையரில் நின்றவன் நான். ஒரு நொடி தாமதித்தால் தூள் கருகிவிடும். தண்ணீர் கலங்கிய உடனே "இழுங்க!" என்று என்னையறியாமல் கத்திவிடுவேன். கோயமுத்தூரிலிருந்து வந்த ஜவுளிக்கடைக்காரர் பாவம், நான் சொன்னபடியே இழுத்து மூன்று மீனை விட்டார்.

"நீங்க கரையில இருந்திருந்தா, மீனு படகுல இருந்திருக்குமுங்க."

வெற்றிலை

மாசக் கடைசி நாள். கரையில் மேனேஜர் கைகட்டி நின்றார். பங்களாவில் சமைக்கும் செல்லாயி அக்கா, சிலோன் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர், என் வாய் நிறைய வெற்றிலையை அடைத்து, "துப்பாம இருங்க தம்பி, பாப்பம்" என்று படகைத் தள்ளிவிட்டார்.

அதே கடைக்காரர் வீசினார். பாசி கிழிந்தது. எனக்கு உடம்பே துள்ளியது. வாயைத் திறந்தால் அவர் வெள்ளைச் சட்டை போய்விடும். "ம்ம், ம்ம்" என்றேன். அவர் ஒன்றும் புரியாமல் என்னையே பார்த்தார். அந்த இரண்டு நொடியில் விரால் வாயை மூடித் திரும்பிவிட்டது. பிறகு நிதானமாக இழுத்தார். பாசியோடு சேர்ந்து கைநீள விரால் வந்தது. எனக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது.

மேனேஜர் கைகளைப் பிரித்தார். "படகு தண்ணியிலயே கெடக்கட்டும். ஆனா வெத்தலை போடாம நீ அதுல ஏறக் கூடாது."

இன்றும் என் பெட்டியில் இறகுத் தவளைகளோடு ஒரு கவுளி வெற்றிலை இருக்கிறது. மீன் பிடிப்பது இந்த இரண்டில் எது என்று விருந்தாளிகள் கேட்கும்போது பதில் சொல்ல என் வாய்தான் காலியாக இருப்பதில்லை.