துண்டுக்கு அடியில் ஐந்து விரல்

ஜூன் மாதத்து இரண்டாம் ஞாயிறு. காலை பத்தரை: முத்தையாபுரம் செல்லும் சாலையிலுள்ள மாடி வீட்டுக்குப் போனேன். பத்தே முக்கால்: உரிமையாளர் அறிவித்தார், விலை அறுபது லட்சம், அதற்கு மேல் அதிகம் கேட்பவருக்கே வீடு. பதினொன்று: கேட்க வந்திருந்தவர்கள் என்னையும் சேர்த்து இருவர். பதினொன்றே கால்: வீடு எனக்கு முடிந்தது.

நடந்தவை இவ்வளவே. நான் செய்த பிழை அந்தக் கடைசிக் கால் மணி நேரத்துக்குள் இருக்கிறது.

மாலை நடையில் என் மனைவி அந்த வாசலில் தவறாமல் நின்றுவிடுவாள். மொட்டை மாடியிலிருந்து கப்பல் துறைமுகத்துக்குள் நுழைவது தெரியும் என்பது அவளுடைய கணிப்பு. "வெலைக்கு வந்தா விட்டுராதீங்க" என்பாள். வீடு விலைக்கு வந்தபோது அவள் இறந்து எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. மூன்று லட்சத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்று மகள் தொலைபேசியில் வரம்பு விதித்திருந்தாள்.

உரிமையாளர் சங்கு வியாபாரத்தில் முதிர்ந்தவர். விலையை எழுதி உறையிலிட்டுத் தரலாமே என்றேன்.

"உறை எதுக்கு சார்? எங்க யாவாரத்துல துண்டுக்குள்ளதான் வெல. துண்டப் போட்டு மூடி என் வெரலப் பிடிக்கணும். அறுவதுக்கு மேல ஒரு வெரலு ஒரு லட்சம். ஒருத்தருக்கு ஒருவாட்டிதான் பிடி."

ஏலக் கோட்பாட்டை முப்பது ஆண்டுகள் கல்லூரியில் நடத்தியவன் நான். துண்டு பாடத்திட்டத்தில் இல்லை.

முதலில் விளாத்திகுளத்து வத்தல் வியாபாரி பிடித்தார். ஒரு கண்சிமிட்டலில் முடிந்தது. அடுத்து நான். மூன்று விரல்களைத்தான் தேடினேன். துண்டுக்கு அடியில் உரிமையாளரின் கை வெதுவெதுப்பாக இருந்தது. எட்டு மாதங்களாக நான் எவர் கையையும் பற்றியதில்லை. ஐந்து விரல்களையும் சேர்த்துப் பிடித்தேன், விட மறந்தேன்.

"என்ன அண்ணாச்சி, வீடு பேசுதாகளா, பொண்ணு பேசுதாகளா?" என்றார் வத்தல் வியாபாரி.

"கைய விடுங்க சார், வெல போதும்" என்றார் உரிமையாளர்.

பிடித்தது பிடித்ததுதான். அறுபத்தைந்து லட்சத்துக்குத் தலையாட்டினேன்.

வாசலில் செருப்பை மாட்டியபடி வத்தல் வியாபாரி புலம்பினார்: "நான் நாலு பிடிச்சேன் சார். வாத்தியாருதானே, மூணத் தாண்ட மாட்டீகன்னு இருந்துட்டேன்."

இன்னும் செய்யாதவை:

கூடுதலாகிவிட்ட இரண்டு லட்சத்துக்காக என் காரை விற்பது.
என் பைக்குள் வந்துவிட்ட துண்டைத் திருப்பிக் கொடுப்பது.
மகளிடம் விரல் கணக்கைச் சொல்வது.
மாடிக்கு ஏறி, கப்பல் தெரிகிறதா என்று பார்ப்பது.